தாய்க்கப்பலில் நாற்பத்தொரு பேர்

கதவு இல்லாத ஃபிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "கதவு எப்படி இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்? எழுதிக் கொடுங்கள், சேர்ந்து செய்வோம்" என்று சொன்னால் வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பது ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடமாக அதே தொழில். கம்ப்யூட்டர் விளையாட்டுத் துறையில் இந்தக் காரியத்துக்கு 'ஏர்லி ஆக்சஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதை வாங்க ஆட்கள் முண்டியடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மகள் சொல்லித்தான் தெரிந்தது.

மகள் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். 'வால்வெள்ளி வேட்டை' என்று ஒரு பழைய விளையாட்டு. மெக்கானிக் இளவயதில் அதை விளையாடியிருக்கிறார். கறுப்பு வானம், நடுவில் ஒரு முக்கோணம், அதன் மூக்கிலிருந்து புள்ளி புள்ளியாகக் குண்டு, அவ்வளவுதான் விளையாட்டு. செத்துப்போன அந்த முக்கோணத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கிறோம் என்று நிறுவனம் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது முக்கோணத்துக்கு இறக்கை, விளக்கு, சோகமான முன்கதை எல்லாம் வந்துவிட்டன. வராதது விளையாட்டின் பின்பாதி மட்டும்.

மகள் அங்கே மூன்று வருடமாகத் தற்காலிக ஊழியர். சோதனைக் கூடத்தில் ஜன்னல் ஓரம் நாற்பத்தொன்றாம் நம்பர் இருக்கை. "அங்க என்னதாம்மா பண்றே?" என்று கேட்டால், "பட்டனை அமுக்கிக்கிட்டே இருப்பேன்பா" என்பாள். அப்பா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். முழு விளையாட்டும் வெளியானதும் எல்லாரையும் நிரந்தரமாக்குவதாக நிறுவனத் தலைவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார். அந்தக் கையை நம்பி அவள் வேறு இரண்டு வேலைகளை வேண்டாம் என்று விட்டிருந்தாள். அதை அவள் அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

ஏர்லி ஆக்சஸ் வெளியீட்டு நாளன்று தலைவர் திரையில் தோன்றிப் பேசினார். வீட்டில் மூன்று பேரும் பார்த்தார்கள்.

"நாங்க இந்த விளையாட்டை முடிக்கலை," என்றார் தலைவர், கண் கலங்க. "முடிச்சுக் கொடுத்தா அது எங்களோடது. முடிக்காம கொடுத்தா அது உங்களோடது! இதுல தப்பு இருக்கும். நிறைய இருக்கும். அதையெல்லாம் நாங்களே கண்டுபிடிச்சா உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? அந்தச் சந்தோஷத்தை உங்ககிட்டேருந்து பறிக்க நாங்க யாரு?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "இந்த ஆளு நாளைக்கு உப்பு போடாம சமைச்சு வெச்சாலும் கை தட்டுவாங்க போல," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

மெக்கானிக் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தப்பெல்லாம் சீக்கிரம் தீர்ந்தால் விளையாட்டு சீக்கிரம் முடியும். விளையாட்டு முடிந்தால் மகள் நிரந்தரம். ஊழியர் குடும்பத்துக்கென்று மகள் கொண்டுவந்த இலவச அனுமதி எண்ணை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தார்.

மறுநாள் காலை பட்டறையில், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால், பில் போடும் கம்ப்யூட்டரில் விளையாட்டை ஏற்றினார். விமானியின் புனைபெயர் என்ன என்று கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த ஃபிரிட்ஜ் பாகம் கண்ணில் பட்டது. 'கம்ப்ரசர்' என்று அடித்தார்.

பத்தே நிமிடத்தில் முதல் தப்பு அகப்பட்டது. கப்பலை இடப்பக்கம் திருப்பினால் என்ஜின் சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. இருபத்தாறு வருடமாகக் காதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிற மனிதர். அவருக்கு உடம்பு கூசியது. புகார் படிவத்தைத் திறந்தார். 'இந்தப் பிழை உங்களுக்குள் எழுப்பிய உணர்வு எது?' என்று முதல் கேள்வி. வியப்பு, பரவசம், உரிமையுணர்வு என்று மூன்று கட்டங்கள். எரிச்சல் என்று கட்டம் இல்லை. உரிமையுணர்வைத் தொட்டுவிட்டு, கீழே தன் வழக்கப்படி எழுதினார்: எப்போது, எந்த வேகத்தில், என்ன சத்தம், எத்தனை முறை சோதித்தது, எங்கே வயர் மாறியிருக்கலாம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'நன்றி, விமானி கம்ப்ரசர்! உங்கள் புகார் ஏற்கப்பட்டது. அடுத்த பதிப்பில் பாருங்கள்.' கூடவே அவருடைய விண்கப்பலுக்கு ஒரு தொப்பி பரிசு. காற்றே இல்லாத இடத்தில் கப்பல் தொப்பி போட்டுக்கொண்டு பறந்தது.

திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் தாய்க்கப்பல் ஒன்று எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அதன் அடியில் 'உயிருடன்: 41' என்று சின்ன எழுத்து. அன்று அது 40 ஆகியிருந்தது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் காட்டுகிற எண்ணைக் குறித்துவைத்தே பழகிய கை, அதையும் நோட்டில் குறித்துவைத்தது.

பிறகு வெறிதான். சுட்டால் சாகாத எதிரி, சுடாமலே சாகிற எதிரி, நேராக வருகிறவன் மேல் மோதாமல் ஊடுருவிப் போகிற எரிகல். பின்பாதி இல்லாத இடத்துக்குப் பறந்துபோனால் கறுப்பில் ஒரு பலகை: 'இங்கே பிரபஞ்சம் கட்டப்பட்டு வருகிறது. சிரமத்துக்குப் பெருமைப்படுகிறோம்.' காலையில் ஒரு மணி நேரம், மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம். ஒரே ஒரு புகார்தான் திரும்பி வந்தது: 'இரட்டைப் பதிவு. இதே வேலையை வேறொருவர் செய்திருப்பதால் ஒன்றை மூடிவிட்டோம்.' மற்றவையெல்லாம் ஏற்கப்பட்டன. தொப்பிக்கு மேல் கொம்பு வந்தது. கொம்புக்கு மேல் கொடி வந்தது.

எண் இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாப் புகாருக்கும் இறங்கவில்லை. ஆனால் இறங்கிய நாளெல்லாம் அவருடைய புகார் ஏதோ ஒன்று ஏற்கப்பட்ட நாளாக இருந்தது. நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 33 ஆனபோது அதையும் புகாராக எழுதினார்: 'தாய்க்கப்பலை யாரும் தாக்கவில்லை. நான் ஒரு ஆளையும் இழக்கவில்லை. ஆனாலும் ஆள் குறைகிறது. எங்கோ கசிவு இருக்கிறது. தயவுசெய்து பார்க்கவும்.'

சமூக உறவு அதிகாரி என்கிற பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. 'அது பிழை அல்ல, கதை. நீங்கள் அதை உணர்ந்ததில் எங்களுக்குப் பெருமை.' விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுகிற பக்கத்தில் இதைப் பற்றி நாற்பது பக்கத்துக்கு ஒருவர் ஆராய்ச்சி எழுதினார்: தாய்க்கப்பலின் தளபதிக்குப் பசி, மாலுமிகளை ஒவ்வொருவராகத் தின்கிறார். மூன்றாயிரம் பேர் அதை ஆமோதித்தார்கள். நிறுவனம் மறுக்கவில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சாப்பாட்டை அளந்துக்கிட்டிருக்கே?" என்றாள் அம்மா.

"எங்க ஹால்ல இன்னைக்கும் ரெண்டு பேரை எடுத்துட்டாங்கம்மா. எடுத்துட்டோம்னு சொல்ல மாட்டாங்க. 'சமூகத்துக்கு மாத்திட்டோம்'பாங்க. போகும்போது கையில ஒரு இலவச அனுமதி எண் கொடுப்பாங்க. இனிமே வீட்லேருந்து விளையாடலாமாம்."

"எதுக்கு எடுக்கறாங்க?"

"எல்லாம் ஒருத்தனாலதான். கம்ப்ரசர்னு பேரு. எவன்னே தெரியலை. நாங்க ஒரு வாரம் தேடறதை ஒரே காலையில கண்டுபிடிச்சு, படம் வரையாத குறையா எழுதி அனுப்பறான். அவன் புகார் வந்த உடனே யாரையாவது கண்ணாடி ரூமுக்குக் கூப்பிடுவாங்க. 'வெளியில இருக்கறவர் கண்ணுக்குத் தெரியறது உள்ள இருக்கற உங்க கண்ணுக்கு ஏன் தெரியலை?'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான். போனவங்க நாற்காலியைக்கூட எடுக்கறதில்லை. கம்ப்யூட்டரும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"அவன் கை விளங்காம போக," என்றாள் அம்மா, கணவரின் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தபடி. "அடுத்தவங்க பிழைப்பைக் கெடுக்கறதுக்குன்னே ஒருத்தன் பிறந்திருக்கான் பாரு."

மெக்கானிக்குக்குப் புரையேறியது. மகள் எழுந்து வந்து அவர் தலையில் தட்டி, முதுகை நீவினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அந்தத் தாய்க்கப்பல்ல ஒரு நம்பர் வருதாமே…"

"உங்களுக்கு யாருப்பா சொன்னாங்க? அது எங்க ஹால் அட்டெண்டன்ஸ். ஏதாவது ஒரு நம்பர் ஓடணுமேன்னு புரோகிராமர் ஒருத்தர் தற்காலிகமா அதுல கோத்து விட்டாரு. அப்புறம் மாத்தலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள அவரையே மாத்திட்டாங்க."

"இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

"பதினெட்டு."

அன்று மதியம் நோட்டில் அவர் எழுதிய எண்ணும் பதினெட்டுதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். மகள் அவர் முதுகை இன்னும் நீவிக்கொண்டிருந்தாள். அவரால் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து புகார் எழுதுவதை நிறுத்தினார். விளையாட்டையே திறக்கவில்லை. நான்காம் நாள் கடிதம் வந்தது: 'விமானி கம்ப்ரசர், உங்கள் மௌனம் பதிவாகியுள்ளது. எங்கள் தலைசிறந்த விமானிக்கு மூன்று நாட்களாக ஒரு குறையும் தென்படாததால், விளையாட்டு செம்மையாக உள்ளது என்று முடிவு செய்திருக்கிறோம்.' அடித்துப் பிடித்துக்கொண்டு விளையாட்டைத் திறந்தார். உயிருடன்: 13. செம்மையாக இருக்கும் விளையாட்டைச் சோதிக்க அவ்வளவு பேர் எதற்கு என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சரி, பொய்யாகவாவது எழுதுவோம் என்று அரும்பாடுபட்டு ஐந்து பொய்ப் புகார் எழுதினார். சூரியன் பக்கத்தில் போனால் கீ-போர்டு சுடுகிறது. ஆறாவது எதிரி தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இவரைக் கிறுக்கன் என்று விலக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். நிறுவனம் அந்த ஐந்தையும் சோதனைக் கூடத்துக்கு அனுப்பியது. பதின்மூன்று பேரும் ஒரு வாரம் சூரியன் பக்கத்திலேயே பறந்தார்கள். யாருக்கும் சுடவில்லை. 'கம்ப்ரசருக்குச் சுடுகிறது, உங்களுக்கு மட்டும் எப்படிச் சுடவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எட்டுப் பேர் சமூகத்துக்குப் போனார்கள்.

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் எழுதியதெல்லாம் தவறு, எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன் என்று கெஞ்சிக் கெஞ்சி எழுதினார். ஒவ்வொரு வாபஸும் ஒரு புதிய புகாராகப் பதிவானது. ஐந்து பேர் மூன்றானார்கள். மூன்று பேர் ஒன்றானார்கள். அந்த ஒன்று யார் என்பதை மாலையில் வீட்டுக்கு வந்த மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"நான் மட்டும்தாம்பா இருக்கேன். நாப்பது கம்ப்யூட்டர் ஓடுது, ஆளே இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. ஆனா, பயப்படாதீங்க. கடைசி ஆளை எடுக்க மாட்டாங்க. பிரிவுன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

அந்த வாரமே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. 'புகார் எண் 99 வரை கண்ட ஒரே விமானி நீங்கள். நேரில் வந்து எங்கள் கௌரவத்தை ஏற்க வேண்டும்.' மெக்கானிக் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கௌரவத்துக்காக அல்ல. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, மகளை விட்டுவிடுங்கள் என்று காலில் விழவும் தயாராகத்தான் போனார்.

நிறுவனக் கட்டடத்தின் லிஃப்ட்டில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பட்டன் இல்லை. ஏழாம் மாடிக்குப் போகிறவர்கள் எட்டில் இறங்கிப் படி வழியாக வரவேண்டும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காகிதத்தின் அடியில் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று இருந்தது. ஏழில் நீளமான கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லாத் திரையிலும் கறுப்பு வானம், எல்லா வானத்திலும் ஒரு முக்கோணம், ஓட்டுவதற்கு ஆளில்லாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சில நாற்காலிகளின் முதுகில் ஸ்வெட்டர்கூட அப்படியே தொங்கியது. அவர் கண் ஜன்னல் ஓரத்துக்குப் போனது. நாற்பத்தொன்றிலும் யாரும் இல்லை.

கண்ணாடி அறையில் தலைவரும் சமூக உறவு அதிகாரியும் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

"கம்ப்ரசர் சார்! உங்களைப் பார்த்ததுல எனக்குப் புல்லரிக்குது," என்றார் தலைவர். "முன்னாடி நாப்பத்தொரு பேருக்குச் சம்பளம் கொடுத்து, தப்பு இருக்கான்னு கேட்டுக்கிட்டிருந்தோம். அவங்க இருக்குன்னாங்க. நாங்க நம்பலை. சம்பளம் வாங்கறவங்க அப்படித்தானே சொல்வாங்க? நீங்க எதுவுமே வாங்காம சொன்னீங்க. அதுல ஒரு தூய்மை இருக்கு."

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எங்களுக்கு வேதம்." அதிகாரி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நான் எழுதினதெல்லாம் என் பொண்ணுக்காக, ஐயா. அவ இங்கதான் வேலை பார்க்கறா. சோதனைக் கூடத்துல. தப்பு சீக்கிரம் தீர்ந்தா அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகும்னு நினைச்சேன். அவ வேலையைத்தான் நான் செஞ்சுக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அவளை மட்டும் விட்டுடுங்க. நான் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்."

தலைவரின் கண் கலங்கியது. அவருக்கு அது சுலபமாக வரும்.

"அப்பாவும் பொண்ணும்! ஒரே வீடு! ஒரே வேலை!" என்றார். அதிகாரி எதையோ தட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ஒரே இடத்துலேருந்து ரெண்டு பேர் ஒரே வேலையைப் பண்றாங்க சார். இரட்டைப் பதிவு. புகார் எண் நூறா போட்டுட்டேன்."

"நூறு!" என்று தலைவர் கைதட்டினார். "வாழ்த்துகள், சார்!"

"அம்மா, அது புகார் இல்லைம்மா…"

"இரட்டைப் பதிவுன்னா ஒண்ணை மூடிடுவோம் சார். அது விதி. உங்களுக்கே ஒரு தடவை அனுப்பியிருக்கோமே." அதிகாரி ஒரு பட்டனை அழுத்தினாள். "செலவு வைக்கறதை மூடுவோம், செலவு வைக்காததை வெச்சுக்குவோம். உங்களை வெச்சுக்கிட்டோம்."

அப்போது கதவு திறந்தது. கௌரவக் கேடயத்தை எடுத்துவரப் பிரிவில் மிச்சமிருந்தது ஒரே ஆள்தானே. மகள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். 'தலைசிறந்த விமானி கம்ப்ரசருக்கு' என்று பொன்னெழுத்து. நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மகள் முன்னால் அவர் தலைகுனிந்தது அன்றுதான். "போட்டோ, போட்டோ!" என்று தலைவர் இருவரையும் தோளைப் பிடித்துச் சேர்த்து நிறுத்தினார். படத்துக்கு அதிகாரிதான் சிரிக்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள் மடியில் கேடயம் இருந்தது. அவரால் அதைத் தொட முடியவில்லை. நாலைந்து நிறுத்தம் தாண்டிய பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"லெஃப்ட்ல திருப்பினா சத்தம் ரைட்ல வருதுன்னு நான் எழுதிக் கொடுத்தேம்பா. ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் பாக்கலாம்னு ஓரமா வெச்சுட்டாங்க. நீங்க எழுதினதுல முக்கால்வாசி நான் எழுதினதுதான். உங்களுது மாதிரியே இருந்துது. இப்பத்தான் புரியுது, நான் உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

அவருக்கு அழுகை வந்தது. மகள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் யாரையும் திட்டவில்லை. அன்று அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மகளும் பட்டறைக்கு வந்தாள். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்றாள். "ஒரு தடவை திறங்கப்பா. மொத்தமா அழிச்சுடலாம்." அவர் திறந்தார். புதிய பதிப்பு இறங்கியிருந்தது. 'நூறு பிழைகள் முடித்துவைக்கப்பட்டன' என்று பெருமையாக எழுதியிருந்தது. பழக்க தோஷத்தில் கப்பலை இடப்பக்கம் திருப்பினார். சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

புகார் எண் ஒன்றைத் திறந்து பார்த்தார். 'முடித்துவைக்கப்பட்டது. காரணம்: பிழையை உறுதிசெய்ய ஆள் இல்லை.' நூறிலும் அதுவேதான்.

"அப்பா, அங்க பாருங்க," என்றாள் மகள்.

மூலையில் தாய்க்கப்பல் மிதந்துகொண்டிருந்தது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'உயிருடன்: 1' என்று இருந்தது. அவர் அதைத் தொட்டார். சின்னதாக ஒரு பட்டியல் விரிந்தது. பெயர்: கம்ப்ரசர். இருக்கை: 41. வர வேண்டிய நேரம்: 9.00. இன்றைய வருகை: தாமதம்.

மகள் அதை இரண்டு முறை படித்தாள். "அது என் சீட்டுப்பா," என்றாள்.

மெக்கானிக் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. பட்டறையில் ஏதோ ஒரு ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. மகள்தான் எடுத்துப் படித்தாள்.

'விமானி கம்ப்ரசர், உங்கள் மௌனம் பதிவாகியுள்ளது. இன்று அரை நாள் விடுப்பாக எடுத்துக்கொள்ளப்படும்.'